கடைசி ஒரு அங்குலத்தில் இருக்கும் பாட்டு: 'வி ஷல் ஓவர்கம்' 1963 எல்.பி. வாங்கலாமா?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க நாட்டுப்பாடல் பாடகர் பீட் சீகரின் 'வி ஷல் ஓவர்கம்' (நாம் வெல்வோம் என்கிற, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டப் பாட்டு) எல்.பி.யை வாங்கலாம், ஆனால் மோனோ பிரதியாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசி ஒரு அங்குலத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 'அபூர்வம் சார், இனிமே கிடைக்காது' என்று விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள். இது அபூர்வம் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் பிரதிதான் அபூர்வம்.

1963 ஜூன் 8 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவு இது. அந்த வருடமே கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. மோனோவுக்கு எண் சி.எல். 2101, ஸ்டீரியோவுக்கு சி.எஸ். 8901. மொத்தம் 13 பாட்டுகள். தலைப்புப் பாட்டு இரண்டாம் பக்கத்தின் முடிவில், லேபிளுக்கு மிக அருகில் இருக்கிறது. இந்தத் தட்டின் பெருமை, சிக்கல் இரண்டுமே அங்கேதான்.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. உள்ளே லேபிளை நெருங்கும்போது அதே சுற்று வேகத்தில் 21 செ.மீ.தான் ஓடும். அதே ஓசையை அரைவாசிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. வளைவுகள் நெருங்கிவிடுவதால் ஊசி முனை அவற்றுக்குள் சரியாக இறங்காது, சுவரில் உரசும். 'ஸ', 'ஷ' ஒலிகள் கிழிந்தாற்போல் கேட்கும். இந்தப் பாட்டின் இரண்டாவது சொல்லே 'ஷல்' என்பதை நினைத்துப் பாருங்கள். பத்திருபது வருடம் செராமிக் கேட்ரிட்ஜ் (ஊசியைப் பிடித்திருக்கும் பழைய பாணித் தலை) போட்ட பெட்டி பிளேயரில், ஐந்து கிராமுக்கு மேல் ஊசி எடையோடு ஓடிய தட்டாக இருந்தால் அந்த 'ஷ' மணலை வாணலியில் வறுக்கிற சத்தமாகிவிட்டிருக்கும். ஆயிரம் பேர் சேர்ந்து 'ஷல்' சொல்லும் இடத்தில் அது ஆயிரம் மடங்காகும்.

எனவே கடையில் முதல் பக்கத்து முதல் பாட்டைப் போட்டுக் காட்டினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அது எப்போதும் நன்றாகத்தான் கேட்கும். இரண்டாம் பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைப் போடச் சொல்லுங்கள். பிளேயர் இல்லாத பழைய சாமான் கடையாக இருந்தால் தட்டை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பள்ளம் கன்னங்கரேலென்று மின்னும். தேய்ந்த பள்ளம் சாம்பல் பூத்திருக்கும். வெளியே மின்னி உள்ளே ஒரு அங்குலம் மட்டும் சாம்பலாக இருந்தால் முன்னாள் சொந்தக்காரருக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடித்திருந்தது என்று அர்த்தம். அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு தட்டை வைத்துவிடுங்கள். கீறல் இருந்தால் நகத்தால் மெல்ல வருடுங்கள். நகத்தில் தட்டாத கீறல் பெரும்பாலும் சத்தம் காட்டாது. நகத்தில் இடறுவது சுற்றுக்கு ஒரு 'டக்' கொடுக்கும்.

லேபிளைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 1963 அச்சில் சிவப்பு லேபிள், இடது பக்கம் ஒரு 'கண்' முத்திரை, வலது பக்கம் ஒன்று. மோனோவின் அடியில் 'கியாரண்டீட் ஹை ஃபிடெலிட்டி' என்று இருக்கும். ஸ்டீரியோவில் '360 சவுண்ட்'. ஆறு கண் போட்ட லேபிள் 1962-லேயே நின்றுவிட்டது. 'ஆறு கண் ஒரிஜினல்' என்று யாராவது இந்தத் தட்டை விற்றால் அவர் வேறு ஏதோ தட்டைப் பற்றிப் பேசுகிறார். லேபிளைச் சுற்றி ஆரஞ்சு எழுத்தில் கொலம்பியா பெயர் வட்டமாக ஓடினால் அது 1970-களின் மறு அச்சு. கேட்க நன்றாகவே இருக்கும், முதல் அச்சு விலை மட்டும் கொடுக்காதீர்கள். பாட்டு முடிந்தபின் உள்ள வெற்று வளையத்தில் எக்ஸ்.எல்.பி. என்று பொறித்திருந்தால் மோனோ, எக்ஸ்.எஸ்.எம். என்றால் ஸ்டீரியோ. அட்டையும் தட்டும் மாறிப்போவது சகஜம் என்பதால் இதைப் பார்த்தே தீர வேண்டும்.

சேலத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. நம்மூரில் பழைய தமிழ்ப் படப்பாட்டுத் தட்டுகளிலும் 'கொலம்பியா' என்று இருக்கும். அது வேறு கம்பெனி. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அந்தப் பெயர் இ.எம்.ஐ. குழுமத்தின் கையில் இருந்தது, இங்கே கிராமபோன் கம்பெனி டம்டம் ஆலையில் அச்சிட்டது. அதனால்தான் அமெரிக்கக் கொலம்பியாவின் தட்டுகள் இங்கிலாந்தில் சி.பி.எஸ். என்ற பெயரில் வந்தன. ஏற்காட்டு பங்களாக்களைக் காலி செய்யும்போது வரும் பெட்டிகளில் சி.பி.எஸ். லேபிளோடு இது கிடைத்தால் போலி என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

மோனோவை ஏன் சொல்கிறோம்? இந்தப் பதிவில் மேடையில் இருப்பது ஒரு குரலும் ஒரு வாத்தியமும். மீதியெல்லாம் சேர்ந்து பாடுகிற சபை. ஸ்டீரியோவில் சபை இரண்டு பக்கமும் விரிந்து கேட்பது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அறுபது வருடத் தேய்மானத்தில் ஸ்டீரியோ பள்ளம் முதலில் கெடும். மோனோ பள்ளத்தில் செய்தி முழுக்கப் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும்கீழுமான அசைவு எல்லாம் தூசியும் அதிர்வும்தான். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் இடமும் வலமும் கூடும்போது அந்த மேல்கீழ்ச் சத்தம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பொத்தானை அழுத்தும் முன்னும் பின்னும் கேளுங்கள், பாதிக் கரகரப்பு போயிருக்கும். ஸ்டீரியோ தட்டில் அந்த வித்தையைச் செய்தால் சபையின் விரிவும் சேர்ந்து போகும்.

மற்றப் பாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மால்வினா ரெனால்ட்ஸ் எழுதிய 'லிட்டில் பாக்ஸஸ்' தனி ரெக்கார்டாகவும் ஓடியது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போய்ச் சிறையை நிரப்பியது அந்த மே மாதம்தான். அதன் சூட்டோடு, உங்கள் சிறைக்கு நான் பயப்படவில்லை என்கிற பாட்டு முதல் பக்கத்தில் இருக்கிறது. கச்சேரி முடிந்த நான்காம் நாள், ஜூன் 12 அன்று, மிஸிசிப்பியில் கறுப்பின உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். தட்டு கடைக்கு வந்தபோது கேட்டவர்களுக்கு அந்தச் செய்தி தெரியும், பாடியபோது சபைக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக் கேட்டால் கைதட்டலே வேறாகக் கேட்கும்.

இனி கடைசிப் பாட்டு. சீகர் இதை 'பாடினார்' என்பது பாதிதான் சரி. அடுத்த அடியைப் பேச்சில் எடுத்துக் கொடுக்கிறார், சபை பாடுகிறது. நம் பஜனை மடங்களில் ஒருவர் சொல்ல மற்றவர் வாங்கிப் பாடுகிற அதே முறை. அதனால்தான் எடுத்துக் கொடுக்கும் அடிக்கும் சபை வாங்கும் அடிக்கும் நடுவே ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் விழுகிறது. நல்ல பிரதியில் அது கேட்கும். தேய்ந்த பிரதியில் முதலில் காணாமல்போவதும் அதுதான். நடுவே அவர் பேசுகிறார்: எல்லாவற்றிலும் முக்கியமான அடி அலபாமாவின் மான்ட்கோமரியில் உண்டானது, 'நாங்கள் அஞ்சவில்லை' என்கிற அடி, சமரசம் பழகிப்போன பெரியவர்களுக்கு இளையவர்கள் பாடம் கற்றுக் கொடுத்தார்கள் என்கிற பொருளில்.

அந்த அடியின் கதையில் ஒரு திருத்தம் உண்டு. 1959-ல் டென்னஸியில் தொழிற்சங்க, உரிமைப் போராட்டக்காரர்களுக்கான ஹைலாண்டர் பயிற்சிப் பள்ளியைப் போலீஸ் சோதனையிட்டு விளக்கை அணைத்தபோது இருட்டில் பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். அப்போது இந்த அடியைச் சேர்த்தவர் ஜமீலா ஜோன்ஸ் என்கிற பதினான்கு வயதுப் பெண். அவர் மான்ட்கோமரிக்காரர். ஆக, ஆள் மான்ட்கோமரி, இடம் டென்னஸி. மேடையில் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது.

தட்டின் அட்டையைப் பார்த்து இதுதான் மூலப் பதிவு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தவறு. சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி என்ற பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஒருநாள் நான் வெல்வேன்' என்கிற பொருளில் ஒரு கீர்த்தனை எழுதினார். மெட்டு இதுவல்ல. 1909-லேயே சுரங்கத் தொழிலாளர் சங்கப் பத்திரிகை 'வி வில் ஓவர்கம்' என்ற பழைய நல்ல பாட்டு என்று குறிப்பிடுகிறது. 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டு ஆலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கி அடுத்த வருடம் வரை நின்றார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். லூசில் சிம்மன்ஸ் என்பவர் மறியலில் இதை மிக மெதுவாக இழுத்துப் பாடுவார். அங்கிருந்து ஹைலாண்டருக்கு வந்தவர்களிடம் அந்தப் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்த ஜில்ஃபியா ஹார்ட்டன் கற்றார். அவரிடம் 1947-ல் சீகர் கற்றார். 1948-ல் 'பீப்பிள்ஸ் சாங்ஸ்' இதழில் அச்சானது. சங்கப் பாடகர் ஜோ கிளேசர் எல்ம் சிட்டி ஃபோர் குழுவோடு 1950-ல் பதிவு செய்தார். அந்த 1950 பிப்ரவரி 11-ல்தான் சேலம் மத்தியச் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, வருடம் ஒன்று என்பதைத் தவிர. ஆனாலும் சேலத்தில் இந்தப் பாட்டைப் பேசினால் அந்தத் தேதி நாக்கில் வரத்தான் செய்யும்.

'வில்' எப்படி 'ஷல்' ஆயிற்று? சீகர் தன் காரணத்தை எளிமையாகச் சொல்வார்: பாடும்போது வாய் நன்றாகத் திறக்கிறது. தமிழில் பாடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். இகரத்தில் வாய் இடுங்கும், அகரத்தில் திறக்கும். கூட்டம் பாடுகிற பாட்டுக்குத் திறந்த உயிர்தான் வேண்டும். அந்த மாற்றம் ஹைலாண்டரின் செப்டிமா கிளார்க் செய்ததாகவும் இருக்கலாம் என்று சீகரே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருக்கிறார்.

1960 ஏப்ரலில் வட கரோலினாவின் ராலே நகரில் மாணவர் இயக்கம் தொடங்கிய கூட்டத்தில் கை கரவான் (Guy Carawan) என்ற பாடகர் கிட்டாரோடு இதைப் பாடியபின்தான் பாட்டு தெற்கு முழுக்கப் பரவியது. இந்தப் பழைய அடுக்கைக் கேட்க விரும்புகிறவர்களுக்குக் கார்னகி தட்டு போதாது. ஃபோக்வேஸ் நிறுவனத்தின் 'நாஷ்வில் சிட்-இன் ஸ்டோரி' (1960) வேண்டும். அந்த நிறுவனத்தின் சொத்து 1987-ல் ஸ்மித்சோனியனுக்குப் போனது. அவர்கள் எந்தத் தலைப்பையும் விற்பனையிலிருந்து நிறுத்துவதில்லை. டவுன்லோடாக வாங்கலாம், தட்டோடு வந்த குறிப்புப் புத்தகங்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அதை மட்டும் இறக்கினாலே இந்தப் பாட்டின் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும். பாடகி ஜோன் பயஸின் பதிவு 1963-ன் 'இன் கான்சர்ட் பார்ட் 2' தட்டில் இருக்கிறது, பர்மிங்ஹாமின் மைல்ஸ் கல்லூரியில் பாடியது. குரல் சுத்தம் என்றால் அது, சபை என்றால் கார்னகி. கார்னகி கச்சேரி முழுவதையும் 1989-ல் இரண்டு சி.டி.யாகவும் போட்டார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் உண்மையில் அந்த சி.டி.தான் நல்ல பேரம். உள் வளையச் சிக்கலே அதில் இல்லை.

சரி, தட்டு கிடைத்துவிட்டது. ஏற்காட்டுப் பெட்டியிலிருந்து வந்ததென்றால் முதல் எதிரி பூஞ்சை. மூடுபனியில் ஈரம் குடித்த காகித உறை பள்ளத்துக்குள் வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் படிய விட்டிருக்கும். அதன் மேல் ஊசியை வைத்தால் பூஞ்சையை அரைத்துப் பள்ளத்துக்குள் ஊட்டுவதாகிவிடும். வெளியே காற்றில், மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். பிறகு 800 மி.லி. டிஸ்டில்ட் வாட்டரில் 200 மி.லி. ஐசோபுரோபைல் ஆல்கஹால், நிறம் மணம் இல்லாத பாத்திர திரவம் இரண்டே சொட்டு. லேபிளை நனைக்காமல் பள்ளத்தின் போக்கிலேயே வெல்வெட் துணியால் சுற்றித் துடைத்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் இரண்டு தடவை அலசுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். சேலத்து போர்வெல் தண்ணீரின் உப்பு காய்ந்து பள்ளத்தில் உட்கார்ந்தால் பூஞ்சையே தேவலை. டிஸ்டில்ட் வாட்டரைப் பேட்டரி கடையில் கேட்கும்போது தண்ணீர் என்று அழுத்திச் சொல்லுங்கள், பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும். கை சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதிலாக ஊற்றுகிறவர்களும் உண்டு. அதிலுள்ள கிளிசரின் பசையாக ஒட்டிக்கொள்ளும். இந்தக் கலவையை 78 சுற்றுத் தட்டுகளில் மறந்தும் தொடாதீர்கள், அது அரக்கு, ஆல்கஹாலில் கரையும். பழைய உள் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு பாலித்தீன் பூசிய புது உறை போடுங்கள். வெளி அட்டையை எறியாதீர்கள்.

மலையிலிருந்து இறங்கினால் இரண்டாவது எதிரி வெயில். எல்.பி. பி.வி.சி.யால் ஆனது. அறுபது டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். ஏப்ரல் மே மாதத்தில் புதிய பேருந்து நிலையத்தின் பக்கத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வெகு சீக்கிரம் வரும். தட்டு கிண்ணம்போல் வளைந்தால் திரும்ப நேராக்குவது பெரும்பாலும் கனவுதான். வீட்டில் மொட்டைமாடி தளத்துக்குக் கீழே உள்ள பரணிலும், மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவிலும் வைக்காதீர்கள். எப்போதும் செங்குத்தாக நிறுத்துங்கள், சாய்த்து அல்ல. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் இரண்டு ப்ளைவுட் துண்டுகளுக்கு நடுவே கட்டி மடியில் நிறுத்திப் பிடித்துக்கொள்வதுதான் வழி. மேலே ரேக்கில் போட்டால் அடுத்தவர் பலாப்பழ மூட்டை அதன் மேல் வந்து உட்காரும்.

டிஜிட்டலாக மாற்றிக்கொடுக்கும் ஸ்டூடியோவில் கொடுத்தால் இரண்டு விஷயம் எழுதிக் கொடுங்கள். ஒன்று, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக் கூடாது. இரண்டு, இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போடாத கோப்பு கட்டாயம் வேண்டும். பல இடங்களில் கேட்காமலேயே அதை ஓட்டிவிடுகிறார்கள். சினிமாப் பாட்டுக்கு அது பரவாயில்லை. இங்கே மென்பொருளுக்கு இரைச்சலாகத் தெரிவது சபைதான். தூரத்து வரிசைகளின் கீழ்க்குரல், அந்த மூச்சு, இருமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரு பெரியவர் தண்ணீர்த் தொட்டிக்குள் தனியாகப் பாடுவதுபோல் ஆக்கித் தரும். 'டக் டக்' கீறலை மட்டும் கையால் ஒவ்வொன்றாக நீக்கச் சொல்லலாம், கூலி கூடினாலும் தகும்.

கூட்டத்தில் போட்டுக் காட்டுபவர்களுக்கு: கூம்பு ஸ்பீக்கரில் போடாதீர்கள். கூம்பு நடுத்தர ஒலியை மட்டும் கத்தும், சபை முழுக்க ஒரே இரைச்சலாகிவிடும். சாதாரண பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, ஆள் காது உயரத்தில், போதும்.

உரிமை விஷயத்தையும் கேட்கிறார்கள். பாட்டின் உரிமையை 1960-லும் 1963-லும் லட்லோ மியூசிக் என்ற பாட்டுப் பதிப்பு நிறுவனம் பதிவு செய்தது, ஹார்ட்டன், ஹாமில்டன், கரவான், சீகர் என்று நான்கு பெயர்களில். வருமானம் தெற்கின் கறுப்பின மக்களுக்கான நிதிக்குப் போனது. அந்த உரிமையை எதிர்த்து 2016-ல் வழக்கு. 'வில்'லை 'ஷல்' ஆக்கியதும் 'டவுன்' என்பதை 'டீப்' ஆக்கியதும் தனி உரிமைக்குப் போதாத அற்ப மாற்றங்கள் என்று 2017 செப்டம்பரில் நியூயார்க் நீதிபதி டெனிஸ் கோட் முதல் அடியைப் பற்றித் தீர்ப்பளித்தார். 2018 ஜனவரியில் சமரசமாகி பாட்டு பொதுச் சொத்தானது. ஆகவே நீங்கள் பாடிப் பதியலாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். சீகர் பாடிய பதிவு வேறு கணக்கு. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான வருடத்துக்குப் பின் 60 ஆண்டு, 1963-க்கு அது 2023-ஓடு முடிகிறது. அமெரிக்கச் சட்டத்தில் 2067 பிப்ரவரி வரை ஓடும். யூடியூபில் ஏற்றினால் அந்த அமெரிக்கக் கணக்குத்தான் உங்களைத் தேடி வரும். 1989 சி.டி.யில் முதல்முறை வெளியான பாட்டுகளுக்கு இங்கேயும் 2049 வரை காலம் இருக்கிறது.

இந்தியில் கிரிஜா குமார் மாத்தூர் எழுதிய வடிவம் பள்ளிக்கூடங்களில் பாடிப் பாடி நமக்கும் பழகிவிட்டது. தமிழில் பாட முனைகிறவர்களுக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இல்லாத ஒரு தொல்லை. 'வெல்வோம்' அருமையாக விழுகிறது, ஓகாரத்தைச் சபை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். அதற்கு முன்னால் நிற்பது 'நாம்'மா, 'நாங்கள்'ளா? 'நாங்கள்' என்றால் எதிரே லத்தியோடு நிற்பவர் வெளியே. 'நாம்' என்றால் அவரும் உள்ளே. மெட்டில் இரண்டுமே உட்காரும். ஒத்திகையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதிச் சபை ஒன்றும் மீதிச் சபை ஒன்றுமாகப் பாடும், பதிவில் அது அப்படியே விழும்.